ஊர் ஏக்கம் ஈமானின் குறைவா?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மஃரிபு தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தேன். எங்கள் சோழவந்தானைச் சேர்ந்த ஒரு தாயார் கையில் போனுடன் சுவரோரமாக நின்றிருந்தார். "ஹஜ்ரத், எம் மகன் ரியாதுக்குப் போயி நாப்பது நாளாச்சு. தெனமும் அழுகுறான். திரும்பி வந்துர்றேங்கிறான். கடன் வாங்கி அனுப்பியிருக்கோம். நீங்க நாலு வார்த்தை சொன்னாக் கேப்பான்" என்றார்.

பையனுக்கு வயது இருபத்திரண்டு. மக்தபில் என்னிடம் ஓதியவன். "ஹஜ்ரத், இங்க எல்லாமே வேற மாதிரி இருக்கு..." என்று தொடங்கினான். நான் அவனை முடிக்க விடவில்லை. பொறுமையின் சிறப்பை எடுத்துரைத்தேன். ஆண்பிள்ளை அழலாமா என்றேன். அல்லாஹ்வின் மீது தவக்குல் எங்கே போயிற்று என்று கேட்டேன். அவன் "சரி ஹஜ்ரத்" என்றான். தாயார் துஆச் செய்துவிட்டுப் போனார். நானும் ஒரு நற்காரியம் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

பத்து நாள் சென்று அந்தத் தாயார் மறுபடியும் வந்தார். "இப்ப அழுகுறதில்ல ஹஜ்ரத். பேசுறதும் இல்ல" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பொறுமையின் பெயரால் ஒரு பிள்ளையின் வாயை அடைத்துவிட்டேனே, இதுதான் நபிவழியா என்று உள்ளம் குத்தியது. எழுந்து கிதாபுகளைப் புரட்டினேன். அன்று கண்டதையே இங்கு எழுதுகிறேன். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் இதைச் சிந்திக்க வேண்டும்.

இருபது நாள் தங்கிய வாலிபர்கள்

மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. ஏறக்குறைய ஒத்த வயதுடைய வாலிபர்கள் சிலர் தீனைக் கற்பதற்காக மதீனா வந்து, நபி (ஸல்) அவர்களிடம் இருபது நாள் தங்கினார்கள். அவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது என்பதைப் பெருமானார் (ஸல்) அவர்களே உணர்ந்துகொண்டார்கள். ஊரில் யார் யாரை விட்டு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டார்கள். பிறகு, குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று, கற்றதை அவர்களுக்குக் கற்றுக் கொடுக்குமாறு பணித்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் எவ்வளவு மென்மையும் இரக்கமும் உடையவர்களாக இருந்தார்கள் என்று அந்த நபித்தோழர் மனம் நெகிழ்ந்து கூறுகிறார்.

தம்மைத் தொழக் கண்டவாறே தொழ வேண்டும் என்ற புகழ்பெற்ற கட்டளை இந்தச் சந்தர்ப்பத்தில்தான் வந்தது. மிம்பரில் அதை எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். வீட்டை நினைத்து ஏங்கிய வாலிபர்களை வழியனுப்பும் போது அது சொல்லப்பட்டது என்பதை ஒரு முறையும் நினைத்துப் பார்த்ததில்லை. நபியின் பள்ளியிலே, நபியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கும் வீட்டு நினைவு வந்ததே! அதை ஈமானின் குறைவென்று யார் சொல்ல முடியும்? பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லவில்லையே!

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த புதிதில் அபூபக்கர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் கடும் காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல் சற்றுத் தணியும் போதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள் மக்கத்துப் புல்லையும் செடியையும், அங்குள்ள நீர்நிலையையும் மலைகளையும் பெயர் சொல்லி ஏக்கத்தோடு பாடினார்கள். எந்த மக்கா? சுடுமணலில் கிடத்தி நெஞ்சின் மீது பாறையை வைத்தார்களே, அதே மக்கா! அங்கே சுகம் கண்டதால் வந்த ஏக்கமல்ல அது. பழகிய மண் மனத்தில் வேர்விட்டிருக்கிறது. பிடுங்கினால் வலிக்கத்தான் செய்யும்.

ஆயிஷா (ரலி) அவர்கள் இதைப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் தெரிவித்தார்கள். மக்காவை மறக்கச் செய் என்று அவர்கள் துஆச் செய்யவில்லை. மக்காவை நேசிப்பது போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவையும் எங்களுக்கு நேசமாக்கு என்றே இறைஞ்சினார்கள். பழைய அன்பை அழிக்காமல் புதிய அன்பைக் கேட்கும் இந்த துஆவில் பெரும் படிப்பினை இருக்கிறது.

ஏன் இந்த ஏக்கம்?

மனிதன் தன் ஊரில் ஆயிரம் காரியங்களை யோசிக்காமலே செய்கிறான். யாருக்கு எப்படி ஸலாம் சொல்வது, யாரிடம் சிரிப்பது, கடையில் எவ்வளவு பேரம் பேசுவது, பெரியவர் முன் எப்படி நிற்பது என்பதையெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்நிய நாட்டில் இந்த அடையாளங்கள் ஒரே நாளில் பறிபோகின்றன. காலெர்வோ ஓபெர்க் என்னும் மானிடவியல் ஆய்வாளர் 1960இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் காரணமாகக் கூறினார். புதிதாக வந்தவன் முதலில் எல்லாவற்றையும் வியப்பான். பிறகு எல்லாவற்றின் மீதும் எரிச்சல் கொள்வான். மெல்ல மெல்லப் பழகுவான். கடைசியில் அவ்விடத்து வாழ்க்கையை இதுவும் ஒரு முறை என்று ஏற்றுக்கொள்வான் என்று நான்கு படிகளையும் கூறினார். குடிநீரைப் பற்றியும் உணவைப் பற்றியும் அளவுமீறிய அச்சம், சிறு தாமதத்திற்கும் கோபம், எங்கோ வெறித்த பார்வை ஆகியவை இதன் அறிகுறிகள் என்றும் எழுதினார். எல்லோரும் வரிசை தவறாமல் இப்படியே கடப்பார்கள் என்பதில்லை. ஆனால் நாற்பதாம் நாள் அழுகிற பிள்ளை கோழையல்ல, நடுவழியில் நிற்கிறான் என்பதையாவது நாம் விளங்கிக்கொள்ளலாம்.

தொழப் போன இடத்திலும் அவனுக்குப் புதுமைதான். ஹனபி முறையில் நம் ஊரில் அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரத்திற்கு வெகு முன்பே அங்கே அஸர் ஜமாஅத் முடிந்துவிடும். நாம் மெதுவாகச் சொல்லும் ஆமீனை அங்கே பள்ளியே அதிரச் சொல்வார்கள். பள்ளியாவது சொந்த வீடு போல இருக்கும் என்று நம்பிப் போனவனுக்கு அங்கேயும் ஒரு திகைப்பு! இரண்டும் இமாம்கள் காட்டிய வழிகளே என்று புறப்படுமுன் நாம் அவனுக்குச் சொல்லி அனுப்பினோமா?

உலகம் சுற்றிய இப்னு பதூதாவை அறிவீர்கள். 1325இல் தஞ்சியர் நகரை விட்டுப் புறப்பட்ட போது அவருக்கு வயது இருபத்தொன்று. தூனிஸ் நகரை அடைந்ததும் உடன்வந்தவர்களை ஊரார் ஸலாம் சொல்லி வரவேற்றார்கள். அறிமுகமில்லாத அவரை ஒருவரும் விசாரிக்கவில்லை. அவர் தாங்க முடியாமல் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஒரு ஹாஜி அருகில் வந்து ஸலாம் சொல்லி, நகருக்குள் நுழையும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். பல்லாண்டு கழித்து, 1340களில், இதே இப்னு பதூதா நம் மதுரைக்கு வந்து கொடிய காய்ச்சலில் விழுந்து, இங்கு ஏராளமாகக் கிடைக்கும் புளியைக் கரைத்துக் குடித்துக் குணமடைந்தார். அழுத வாலிபன்தான் உலகத்தையே அளந்தான். ஆனால் அன்று அந்த ஹாஜி ஸலாம் சொல்லாமல் போயிருந்தால்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில் என்னை வேலூர்ப் பக்கத்து மதரஸா ஒன்றில் சேர்த்தார்கள். உடன் ஓதியவர்களில் பலர் உருது பேசினார்கள். அவர்கள் சிரித்தால் என்னைத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைப்பேன். சாப்பாடு இறங்காது. ஒரு நாள் மூத்த மாணவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க ஊர் ஆத்துல தண்ணி ஓடுமா?" என்று கேட்டார். வைகையைப் பற்றியும் கொடிக்கால்களைப் பற்றியும் வெகுநேரம் பேசினேன். அன்றிரவுதான் வயிறாரச் சாப்பிட்டேன். இதை அனுபவித்த நானே அந்தப் பிள்ளைக்கு ஒரு கேள்வி கேட்காமல் உபதேசம் செய்தேன் என்றால், மனிதன் எவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுகிறான்!

மார்க்கம் எது? வழக்கம் எது?

அந்நிய ஊரில் வாழ்கிறவன் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். தொழுகை, ஹலால், ஹராம், கற்பு, வாய்மை ஆகியவை மார்க்கம். எந்த ஊரிலும் தளர்த்த முடியாதவை. உண்ணும் முறை, உடுக்கும் முறை, பேசும் தோரணை ஆகியவற்றில் பெரும்பகுதி வழக்கம். வழக்கத்தை மார்க்கமாக எண்ணுகிறவன் எல்லோரோடும் சண்டையிட்டுத் தனிமைப்படுவான். மார்க்கத்தை வழக்கமாக எண்ணுகிறவனோ கூட்டத்தோடு கரைந்து போவான்.

பெருமானார் (ஸல்) அவர்கள் முன் ஒரு முறை பொரித்த உடும்பு வைக்கப்பட்டது. அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் கேட்டார்கள். இல்லை, தம் சமூகத்தார் வாழும் பூமியில் இது இல்லாததால் தமக்கு விருப்பமில்லை என்று பெருமானார் (ஸல்) விளக்கினார்கள். காலித் (ரலி) அவர்கள் அதை இழுத்து வைத்துச் சாப்பிட்டார்கள். பிடிக்காததை உண்ண வேண்டியதில்லை. உண்பவரை இகழ வேண்டியதுமில்லை. எவ்வளவு அழகான நடுநிலை!

உமர் (ரலி) அவர்களுக்கும் மதீனாவின் பழக்கம் திகைப்பூட்டியது. குறைஷியர் வீட்டில் ஆண்களின் சொல்லே மேலோங்கும். அன்ஸாரிகள் வீட்டில் பெண்களின் சொல் எடுபடும். நம் பெண்களும் இவர்களைப் பார்த்துப் பழகுகிறார்கள் என்று உமர் (ரலி) அவர்களே கூறினார்கள். ஒரு நாள் அவர்களுடைய மனைவி எதிர்த்துப் பேசினார். உமர் (ரலி) வெகுண்டார்கள். நபியின் மனைவியரும் நபிக்கு மறுமொழி கூறத்தானே செய்கிறார்கள் என்று அந்த அம்மையார் பதிலளித்தார்! ஊர் மாறினால் வீட்டுக்குள்ளும் மாற்றம் வரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அகத்தி இல்லாமல் கொடி ஏறாது

2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் சோழவந்தான் வெற்றிலையை எப்படிப் பயிரிடுகிறார்கள்? முதலில் அகத்தியை வளர்க்கிறார்கள். அது நிழல் தரும் அளவுக்கு வளர்ந்த பிறகே அதன் அடியில் கொடியை நடுகிறார்கள். புதுக்கொடி முதலில் வாடும். வாடியதற்காக எந்த விவசாயியும் அதைத் திட்டுவதில்லை. தண்ணீர் ஊற்றுகிறார், அகத்தியோடு சேர்த்துக் கட்டுகிறார்.

மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் செய்ததும் அதுவே. முஹாஜிர் ஒருவரையும் அன்ஸாரி ஒருவரையும் சகோதரர்களாகப் பிணைத்தார்கள். ஸஃது பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃபு (ரலி) அவர்கள் பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று முன்னுக்கு வந்தார்கள். ஒருவர் தாங்க முன்வந்தார். மற்றவர் சொந்தக் காலில் நிற்க முன்வந்தார். இரண்டும் வேண்டும்.

ஆகவே தாய்மார்களே! பிள்ளை போனில் அழுதால் முதலில் கேளுங்கள். என்ன சாப்பிட்டாய், அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கடனை நினைவூட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் மறுக்கிறார்கள், பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அது ஏக்கமல்ல, அநியாயம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தை நாடச் சொல்லுங்கள். உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே. எதுவும் சரிப்படாமல் அவன் திரும்பி வந்தாலும் அதைக் கேவலமாக்காதீர்கள். மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் திரும்பிச் சென்றவர்தாம்.

பரதேசம் ரியாதில் மட்டுமா இருக்கிறது? நேற்று நம் வீட்டுக்கு வந்த மருமகளும் ஒரு முஹாஜிர்தான். அவள் வைக்கும் ஆணத்தின் ருசி வேறு, பேச்சு வேறு. அவளிடம் அவள் வீட்டைப் பற்றி அன்போடு விசாரித்த மாமிமார் எத்தனை பேர்? பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வேலைக்கு வந்த வாலிபர்கள் ஜும்ஆவில் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். தமிழ் பயான் அவர்களுக்கு விளங்காது, ஸலாம் விளங்குமே! மொழிகளின் வேறுபாட்டைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் திருமறையில் கூறுகிறான். அந்த அத்தாட்சியின் அருகே உட்கார்ந்து, உன் ஊர் எது என்று நாம் கேட்க வேண்டாமா?

அந்தப் பிள்ளைக்கு நானே போன் செய்தேன். உபதேசம் எதுவும் செய்யவில்லை. "அன்னைக்கு நீ சொல்ல வந்தத நான் கேக்கல. இப்பச் சொல்லுப்பா" என்றேன். வெகுநேரம் மௌனம். பிறகு முக்கால் மணி நேரம் பேசினான். கம்பத்துக்காரர் ஒருவர் இரண்டு தெரு தள்ளி வேலை செய்கிறார் என்பதையும் பேச்சின் நடுவே சொன்னான். வெள்ளிக்கிழமைதோறும் அவரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். இன்னும் அவனுக்கு ஊர் ஏக்கம் தீரவில்லை. ஆனால் பேசுகிறான்.

கி.பி. 630இல் மக்கா வெற்றியானது. இனிப் பெருமானார் (ஸல்) தம் சொந்த ஊரிலேயே தங்கிவிடுவார்களோ என்று அன்ஸாரிகள் கலங்கினார்கள். வாழ்வும் மரணமும் உங்களோடுதான் என்று அவர்களுக்கு உறுதியளித்து, பெருமானார் (ஸல்) மதீனாவுக்கே திரும்பினார்கள். பயணத்திலிருந்து வரும் போது மதீனாவின் சுவர்கள் கண்ணில் பட்டால் வாகனத்தை விரைவுபடுத்துவார்கள் என்று ஹதீஸில் வருகிறது. காய்ச்சல் நாளில் கேட்ட துஆ எப்படிக் கபூலாயிற்று பாருங்கள்!

யா அல்லாஹ்! ஊரை விட்டுப் பிரிந்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த பூமியையும் நேசமாக்கித் தருவாயாக! அவர்களுக்கு நல்ல துணையைத் தருவாயாக! எங்களிடம் வந்தவர்களுக்கு எங்களை அன்ஸாரிகளாக ஆக்குவாயாக! ஆமீன்.