உலக முடிவும் தூக்குக் கயிறும்

கலி அழியும், தர்ம யுகம் பிறக்கும் என்று குமரி மண்ணில் ஒருவர் சொன்னார். அதற்காகச் சிறைக்கும் போனார். சாமித்தோப்பு அய்யா வைகுண்டரைச் சுவாதித் திருநாளின் அரசு பிடித்துக்கொண்டு போய்த் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்தது, 1839-ல்தான் விட்டது. அவர் யாரையும் கொல்லச் சொல்லவில்லை. தலைநிமிர உரிமையற்றிருந்த மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச் சொன்னார். எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தார். இன்றும் ஆண்கள் தலைப்பாகையோடுதான் சாமித்தோப்பிலுள்ள பதிக்குள், அவரது வழிபாட்டிடத்துக்குள் போகிறார்கள். யுக முடிவைப் பேசுவதே குற்றம் என்று அரசு தீர்மானித்தால் சிறைக்குப் போவது யார் என்பதற்குக் குமரி மாவட்டமே சாட்சி.

ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ கூட்டத்துக்கு என்ன தண்டனை தகும் என்று யோசிக்கும்போதும் இதை மறக்கக் கூடாது. அதன் குரு ஷோகோ அசஹாராவும் பெரும் போர் வரும், உலகம் அழியும் என்றுதான் சொன்னார். ஆனால் எதிர்த்தவர்களைக் கொல்லவும் சொன்னார். கொன்றால் அவர்களின் ஆன்மா மேலேறும் என்று அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார். 1989-ல் தங்களை எதிர்த்துச் சட்டப்படி போராடிய வழக்கறிஞரை, மனைவியோடும் கைக்குழந்தையோடும் வீட்டுக்குள் புகுந்து கொன்றார்கள். 1995 மார்ச் 20 காலையில் ஐந்து பேர் டோக்கியோவின் ஐந்து சுரங்க ரயில்களில் ஏறி, செய்தித்தாளில் சுற்றிய சாரின் என்ற நச்சுப் பைகளைத் தரையில் போட்டு, கூர்தீட்டிய குடைமுனையால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். 14 உயிர்கள் போயின. அந்த 14 பேரில் ஒரு பெண் 25 ஆண்டுகள் படுக்கையில் கிடந்து 2020-ல் இறந்தார்.

குத்தியவர்கள் படிக்காதவர்கள் அல்ல. இகுவோ ஹயாஷி இதய அறுவை மருத்துவர். சாரின் உடம்பை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். குருவின் பேச்சு அந்த அறிவை அழித்துவிடவில்லை; அதை மீறும் துணிச்சலைத்தான் கொடுத்தது. ஆகவே சீடர்களை வெறும் ஏமாளிகள் என்று விட்டுவிட முடியாது. அதற்காகக் குருவையும் சீடனையும் ஒரே தட்டில் வைப்பதும் நியாயமாகாது. தன்னைக் கடவுள் என்று நம்பியவர்களிடம் கொலையைப் புண்ணியம் என்று சொன்னவன், பிறர் மனசாட்சியையே ஆயுதமாக்கியவன். அந்தப் பாவத்தில் பெரும்பங்கு அவனுடையது.

நீதிமன்றத்தின் கணக்கு வேறாக இருந்தது. ஹயாஷி பையைக் குத்திய ரயிலால் நிலைய ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். பிடிபட்ட பிறகு அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். 1998-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த ஐவரில் இன்னொருவரான மசாட்டோ யோகோயாமா பையைக் குத்திய ரயிலில் ஒருவரும் இறக்கவில்லை. அவருக்குத் தூக்கு. வாக்குமூலத்தால் உண்மை வெளிவந்தது. அதற்குச் சலுகை தந்தது சரி. ஆனால் வாய் திறந்தவனுக்கு உயிர், திறக்காதவனுக்குச் சாவு என்று ஆகும்போது, தூக்கு அளப்பது குற்றத்தை அல்ல என்பது தெரிந்துவிடுகிறது.

அசஹாரா கடைசிவரை ஒழுங்காகப் பதில் சொல்லவே இல்லை. நீதிமன்றத்தில் முணுமுணுத்தார், பிறகு மௌனமானார். 2018 ஜூலையில் அவரும் சீடர்கள் 12 பேரும் இரண்டு வெவ்வேறு நாட்களில் தூக்கிலிடப்பட்டார்கள். ஏன் செய்தார்கள் என்று பாதிக்கப்பட்டவர்கள் கேட்ட கேள்விக்கு இனி அந்த 13 பேரிடமிருந்து பதில் வராது.

தூக்கில் முடியாத குரு வழக்கு நம்மிடமும் உண்டு. தமிழ்நாட்டில் விராலிமலை அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவின் வழக்கில் உலக முடிவு இல்லை. குருவை நம்பிச் சரணடைந்த சிறுமிகளின் சீரழிவும் ஒரு கொலையும் இருந்தன. 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் விதித்தது. 2011-ல் தண்டனைக் கைதியாகவே இறந்தார். தூக்கு இல்லாததால் அந்தத் தீர்ப்பில் நீதி குறைந்துபோகவில்லை.

ஜப்பான் ஒன்றைச் சரியாகச் செய்தது. ஓம் இயக்கத்தை அடியோடு கலைக்க வேண்டும் என்ற கோரிக்கையை 1997-ல் அதற்கான ஆணையம் மறுத்தது. நம்பிக்கையைத் தடைசெய்யாமல், பின்னால் வந்த சட்டத்தின்படி கண்காணிப்பில் வைத்தார்கள். அந்த நிதானத்தைத் தூக்குமேடையிலும் காட்டியிருக்க வேண்டும். அசஹாராவுக்கு உரிய தண்டனை சாகும்வரை சிறை. யோகோயாமாவுக்கு, ஹயாஷிக்குக் கிடைத்த அதே ஆயுள்.