உத்தரவாதமும் உபதேசமும்

கொடைக்கானலில் தூண்பாறைக்கு அருகே, ஆங்கிலேயர் ‘பிசாசின் சமையலறை’ என்றழைத்த ஆழ்குகைகளில் படமாக்கப்பெற்று, 1991ஆம் ஆண்டு தீபாவளிக்குத் ‘தளபதி’யோடு ஒருங்கே வெளிவந்த ‘குணா’, எதிர்பார்த்த வசூலை அன்று எய்தாமற்போயினும், அக்குகைகளுக்கே தன் பெயரை ஈந்து, 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்னும் மலையாளச் சித்திரத்தின் வாயிலாகப் புதிய தலைமுறையின் நெஞ்சிலும் இடம்பிடித்தது. ஒரு கதையின் பாக்கியத்தை அதைப் படைத்தவர்களாலேயே முன்னறிய இயலாதிருக்க, “என் யோசனைப்படி திரைக்கதை எழுதினால் வெற்றி நிச்சயம்” என்று கட்டணம் கேட்பவரின் வாக்கை எவ்வாறு நம்புவது?

ஆலோசனை நாடும் இளைஞர், பணத்தைக் கொடுக்குமுன், தமது பிரதியிலிருந்து ஒரே ஒரு காட்சியை அவரிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்கட்டும். “விறுவிறுப்புப் போதாது” என்ற பொதுவசனத்தோடு அவர் நிறுத்துவாராயின், வணங்கி விடைபெறுவதே விவேகம், “கோபித்துச் சென்ற தாய் அடுத்த பக்கத்திலேயே சிரிக்கிறாள், இடையில் அவள் மனம் மாறியதற்குக் காரணம் எங்கே?” என்று இடஞ்சுட்டிக் கேட்பாராயின், அவர் பிரதியைச் சிரத்தையோடு வாசித்திருக்கிறார் என்பது திண்ணம். அத்தகைய வாசிப்புக்கே சன்மானம் தகும். வெற்றிக்கு உத்தரவாதம் எவராலும் விற்க இயலாத சரக்கு.