கூடு திரும்பும் பறவையின் வாலில் தீ



கோட்டையை முற்றுகையிடும் அரசனுக்கு அர்த்தசாஸ்திரத்தின் பதின்மூன்றாம் அதிகரணம் ஓர் உபாயம் கூறுகிறது. கோட்டைக்குள் கூடு கட்டி வாழும் காகம், கிளி, மைனா, புறா முதலியவற்றைப் பிடித்து, வாலில் தீப்பற்றும் மருந்தைக் கட்டிப் பறக்கவிட வேண்டுமாம். உள்ளிருக்கும் ஒற்றர்களோ கீரி, குரங்கு, பூனை, நாய் இவற்றின் வாலில் கட்டிக் கூரை வீடுகளின்மேல் விரட்ட வேண்டுமாம்.

பறவைக்குப் பகை தெரியாது. கூடு திரும்பும் பழக்கம் ஒன்றே அதற்குண்டு, அதனையே ஆயுதமாக்கினர். முப்பது ஆண்டுகள் பஞ்சாலையில் உழைத்தவன் நான். பஞ்சில் ஒரு பொறி விழுந்தால், மணியடிப்பதற்குள் அது எவ்வளவு தூரம் ஓடும் என்பதைக் கண்டிருக்கிறேன். இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. தீ முதலில் பற்றுவது ஏழையின் கூரை. அரண்மனை மாடம் பிறகுதான். கூரை எரிவது இன்னதென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

வேறு வழியில் கோட்டை கிட்டுமானால் தீயிடலாகாது என்றும் அந்நூலே எச்சரிக்கிறது. மக்களும் தானியமும் ஆடுமாடும் பொன்னும் அழியும், அழிந்த கோட்டையால் நஷ்டமே என்பது காரணம். நல்ல கணக்குத்தான்; பறவைக்கு அதில் ஒரு காசும் எழுதப்படவில்லை.

கீவ் நாட்டரசி ஓல்கா 946-இல், முற்றுகையிட்ட நகரத்தாரிடம் வீட்டுக்கு மூன்று புறாவும் மூன்று சிட்டுக்குருவியும் திறையாக வாங்கி, அவற்றில் தீக்கட்டி விடுத்தாள் என்று ஒரு பழைய ஆண்டுநூல் கூறும். மெய்யோ, கதையோ.

கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதைத் தாமே கல்லில் பொறிப்பித்த அசோகர், பட்டமேறிய இருபத்தாறாம் ஆண்டில், கொல்லலாகாத உயிர்களைத் தம் ஐந்தாம் தூண் சாசனத்தில் பெயர் பெயராக எழுதுவித்தார். முதற்பெயர் கிளி. அடுத்தது மைனா. பின்னே வெண்புறாவும் ஊர்ப்புறாவும் வருகின்றன. உயிருள்ள உமியை எரிக்கலாகாது, காட்டை வீணாகவோ உயிர்க்கொலைக்காகவோ கொளுத்தலாகாது என்பதும் அச்சாசனமே.

சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் இவற்றைச் சொன்னபோது ஓர் இளைஞர் எழுந்தார். "ஐயா, பறவையைப் பிடித்தவன் ஒருவன், மருந்தரைத்தவன் ஒருவன், ஏவியவன் ஒருவன். பாவம் எவனைச் சேரும்?"

"எண்ணித் துணிந்த செயலே கருமம் என்றார் பகவான். அறிந்து அரைத்தவனுக்கும் அதில் பங்குண்டு, தம்பி. ஆயுதமும் நஞ்சும் விற்றுப் பிழைத்தல் உபாசகனுக்கு ஆகாது" என்றேன்.

"விற்பவனைச் சொன்னார், கூலிக்குச் செய்பவனைச் சொல்லவில்லையே" என்றார் அவர். கூட்டம் கலைந்தபின் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு வந்த உத்தரவு. அவர் வீட்டில் ஐந்து பேர் அவரை நம்பியிருப்பதை அறிவேன். கூலியின்றி இருந்த நாட்களை நானும் அறிவேன். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி வந்து பேசுவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.