உன் வாயைக் கட்டினது யார்?



தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் எந்தச் சபைக்குப் போனாலும் ஒரு கூட்டம் ஜனங்களைப் பார்க்கிறேன். கை தட்டுவார்கள், கண்ணீர் விடுவார்கள், வாய் மட்டும் திறக்காது. கேட்டால், "எனக்குச் சுருதி நிக்காதுங்க பாஸ்டர்" என்பார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டால் சின்ன வயதுக் கதை வரும். ஏதோ ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில் யாரோ ஒருவர், "நீ வாயை மட்டும் அசை, சத்தம் போடாதே" என்று சொல்லியிருப்பார். சொன்னவர் மறந்துபோனார். கேட்ட பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயது. இன்னும் வாயை மட்டும்தான் அசைக்கிறது.

பிரியமானவர்களே, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் பேதம் பிடிபடாத காது பிறவியிலேயே சிலருக்கு உண்டு, மெய்தான். ஆனால் அது மிகச் சிலருக்கே. மற்றவர்களுக்குக் குறை காதில் இல்லை.

அத்தாட்சி வேண்டுமா? 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் திருப்பிவிடப்பட்டது முதல் இந்தப் பள்ளத்தாக்கு அந்தத் தண்ணீரில் நெல் விளைகிற பூமி. நடவு வயலில் ஒரு சகோதரி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் பின்னாலே வாங்கிப் பாடுவார்கள். பிசிறே இருக்காது. தொட்டிலை ஆட்டித் தாலாட்டும்போதும் பிசிறு இருக்காது. அதே சகோதரி ஞாயிற்றுக்கிழமை சபையில் ஊமை! ஏன்? வயலில் தன் தொண்டைக்கு ஏற்ற இடத்தில் அவளே எடுக்கிறாள். சபையிலோ கீபோர்டு தம்பி தன் விரலுக்கு வசதியான கட்டையில் பிடிக்கிறான். பாட்டு நடத்துகிற சகோதரன் மைக்கை வாங்கித் தன் உச்சத்தில் எடுக்கிறான். பல்லவி எப்படியோ தப்பிவிடும். சரணத்தில் மேலே ஏறும்போது பாதிச் சபை நின்றுபோகும். பிறகு, "ஜனங்களுக்கு உற்சாகமே இல்லை" என்று கடிந்துகொள்ளுதல் வேறு!

ஆண்களில் அநேகருக்கு ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டை வரைக்கும், பெண்களில் அநேகருக்கு ஐந்திலிருந்து ஆறு கட்டை வரைக்கும் ஒத்துவரும். கீபோர்டில் சி என்கிறார்களே, அதுதான் ஒரு கட்டை. ஜி ஐந்து கட்டை. ஒரு சகோதரி பாடுகிற சுரத்தை ஆண் ஒரு ஸ்தாயி கீழே பாடினாலும் அது சுருதிதான். இது தெரியாமல் கழுத்து நரம்பு புடைக்கப் பாடி, தொண்டை கட்டி, "எனக்கு அந்த வரம் இல்லை" என்று உட்கார்ந்துவிட்டவர்கள் எத்தனை பேர்!

"ஆவியில் பாடினால் போதும், சங்கீதம் கற்பது மாம்சம்" என்று ஒரு பேச்சும் நம் நடுவில் உண்டு. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வேதத்தைத் திறந்து பாருங்கள். லேவியருக்குப் பாட்டுக் கற்றுக்கொடுக்கிற வேலை கெனானியாவுக்குக் கிடைத்தது அவன் அதில் தேறினவன் என்பதால்தான் (1 நாளா. 15:22). கர்த்தருடைய பாட்டைக் கற்றுத் தேர்ந்தவர்களின் தொகை 288 (1 நாளா. 25:7). கவனியுங்கள், கற்றவர்கள்! அவர்களுக்குள்ளே ஆசானுக்கு ஒரு சீட்டு, மாணாக்கனுக்கு ஒரு சீட்டு என்று பிரிக்கவும் இல்லை. சாலொமோனின் ஆலயத்தில் ஊதினவர்களும் பாடினவர்களும் ஒரே சத்தமாய் இசைந்த வேளையில்தான் மேகம் இறங்கினது (2 நாளா. 5:13). பயிற்சி அபிஷேகத்துக்கு விரோதி என்றால் அன்றைக்கு மேகம் வந்திருக்குமா?

நம்முடைய சுருளி மலைக்கு ஒரு காலத்தில் ஒரு கிறிஸ்தவ வாலிபர் வந்து, கருணானந்தர் என்பவரிடம் சித்த மருத்துவம் கற்றார். அவர்தான் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். இசையையும் அங்கே ஓர் ஆசிரியரிடம் உட்கார்ந்து கற்றவர். பிற்பாடு தஞ்சாவூரில் மருத்துவராய்ச் சம்பாதித்ததைக் கொண்டு 1912 முதல் இசை மாநாடுகள் நடத்தினார். 1916-ல் பரோடா மாநாட்டில் சுருதிகளைப் பற்றிய தம்முடைய கணக்கை எடுத்துவைத்தார். அவருடைய மகள்கள் அதைப் பாடிக் காட்டினார்கள். 1917-ல் "கருணாமிர்த சாகரம்" வெளிவந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். அவர் பெந்தெகொஸ்தேகாரர் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சுருதிக்காக ஒரு விசுவாசி இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்.

சினிமாப் பாட்டுக்கு நான் பரிந்து பேசுகிறவன் அல்ல. ஆனாலும் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவை இந்தப் பக்கத்தில் அறியாதவர் யார்? அண்ணனோடு ஊர் ஊராய்க் கச்சேரி செய்து கைதேர்ந்த பிறகும், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவனாய் உட்கார்ந்தார். 2025 மார்ச் 8-ல் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறினது. அவருக்கே வாத்தியார் தேவைப்பட்டால் நமக்கு என்ன வெட்கம்?

சரி, எப்படி ஆரம்பிப்பது? ஒரு சுருதிப்பெட்டி போதும். இப்போது செல்போனிலேயே வந்துவிட்டது. உங்கள் பேச்சுக் குரலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். உடனே பாடாதீர்கள், முதலில் கேளுங்கள். பிறகு வாயை மூடி "ம்ம்" என்று முனகுங்கள். குரல் சற்று விலகி நின்றால் சத்தம் அலை அலையாய் அதிரும். மெதுவாய் மேலும் கீழும் நகர்த்துங்கள். சேர்ந்தவுடன் அந்த அதிர்வு அடங்கிவிடும், உங்களுக்கே தெரியும். ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டால் உங்கள் குரல் உங்களுக்கு நன்றாய்க் கேட்கும். ஒரு வாரம் ச மட்டும். அடுத்த வாரம் ச, ப, மேல் ச. அதற்குப் பிறகுதான் பாட்டு, அதுவும் ஒரே ஒரு வரி, மெதுவாக. வரியின் கடைசியில் சுருதி இறங்கினால் பெரும்பாலும் மூச்சு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், முன்னாலேயே மூச்செடுத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலம் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வண்டி இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகாதீர்கள், தொண்டைதான் போகும். செடிக்கு நடுவில் காய் எடுக்கும்போது சன்னமாய் முனகுங்கள்.

பாட்டு நடத்துகிறவர்களே, பாட்டெடுக்கும் முன்னே அதன் உச்ச வரியை முனகிப் பாருங்கள். பின்வரிசையில் இருக்கிற வயதான அம்மாவுக்கு அது எட்டுமா? எட்டாவிட்டால் ஒரு கட்டை இறக்குங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருப்பது அதற்குத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டுக்கு மட்டும் டிரம்ஸையும் கீபோர்டையும் நிறுத்திவிட்டு ஜனங்களின் சத்தத்தைக் கேளுங்கள். யாருக்கு வாய் மட்டும் அசைகிறது என்று தெரிந்துவிடும். ஆராதனை முடிந்ததும் அந்த அம்மாவிடம் போய், "அடுத்த வாரம் நீங்க எடுங்கம்மா, உங்களுக்கு எது வசதியோ அதுல எடுங்க. நாங்க பின்னாடி வர்றோம்" என்று சொல்லுங்கள்.