கப்பல் சீட்டும் மனச்சாட்சியும்

கொள்ளை நோய்க் காலத்தில் உல்லாசக் கப்பலேறுகிறவன், தன் பணத்துக்கு இன்ஷூரன்ஸ் செய்துகொண்டதோடு தன் கடமை தீர்ந்ததென்று எண்ணலாமா?

கேரித் தீவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் கிராணியாகிய நாமும் 2020-ஆம் வருஷத் துவக்கத்தில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து குடும்பத்தோடு உல்லாசப் பிரயாணம் போகச் சீட்டு வாங்கியிருந்தோம். மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பிரயாணம் நின்றது. இன்ஷூரன்ஸ் பத்திரத்தை விரித்தால், கொள்ளை நோயால் நேரும் நஷ்டம் சேராதென்று பொடி எழுத்தில் கண்டிருந்தது. இங்கிலீஷ் படித்த நாம் அதைப் படியாமலே கையெழுத்திட்டிருந்தோம்! கோபம் வந்தது வாஸ்தவம்.

ஆனால் அதற்கு முந்திய மாதம் ஜப்பானில் யோக்கஹாமா துறையில் நின்ற டயமண்ட் பிரின்சஸ் கப்பலை நினைத்தபோது அக்கோபம் வெட்கமாயிற்று. அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்கு நோய் கண்டது. பிரயாணிகளை அறைக்குள் இருத்தினார்கள். அவர்களுக்குச் சாப்பாடு சுமந்து சென்றவர்களோ, நெருக்கமான அறைகளில் கூடிப் படுத்த சிப்பந்திகள். கப்பலிலிருந்த 138 இந்தியரில் 132 பேர் அத்தகைய சிப்பந்திகளே. தன் பணத்தைக் காத்துக்கொள்வது தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிரயாணியின் பத்திரம் அவன் சீட்டுக்கு மட்டுமே. தட்டேந்தி வந்தவனுடைய மூச்சுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. முன்னே பினாங்குக்கருகே ஜெரஜாக் தீவில் நோய்க்காவலில் கிடந்த கூலிகளின் வழிவந்த நமக்கே இது தோன்றாமற் போனதுதான் வியப்பு.

சமீபத்தில் நம் மனைவியார் மறுபடியும் கப்பற் பேச்செடுத்தார். இம்முறை பத்திரத்தை முழுதும் வாசித்தோம். பிறகு, நோய் கண்டால் சிப்பந்திகளை எங்கே தங்க வைப்பீர்கள் என்று ஏஜெண்டைக் கேட்டோம். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார் அவர்.