சிரிச்சது யாரு, குனிஞ்சது யாரு?

எங்க மாமா ஒரு பபூன். அம்மாவோட கூடப்பிறந்தவர். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடிய விடிய நடக்கிற ஸ்பெஷல் நாடகத்துல இருபது வருசத்துக்கு மேல சனங்களைச் சிரிக்க வச்சவர். அவர் செத்துப் பல வருசம் ஆச்சு. ஆனாலும் அவரைப் பற்றி எனக்குள் ஒரு வழக்கு இன்னும் முடியாமல் கிடக்கிறது. தன் சனங்களுக்கு நேர்ந்த இழிவையே மேடையில் ஆடிக் காட்டிக் கூலி வாங்கிய மனுசன் செய்தது தப்பா, இல்லையா? மாமாவுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. பின்னால் நானும் வீதி நாடகத்துக்குச் சிரிப்புக் காட்சி எழுதினவன். எனக்காகவும்தான் கேட்கிறேன்.

எங்க ஊர் காந்திகிராமத்துக்குப் பக்கம், சிறுமலை அடிவாரம். பேர் வேண்டாம். 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சேர்ந்து காந்தி பேரால் உண்டாக்கிய இடம் காந்திகிராமம். 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் வந்தது. 1976இல் அது பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அங்கே போய் வருகிற எங்க ஆளுங்களும் திரும்பி ஊர் எல்லைக்கு வந்தால் செருப்பைக் கழட்டிக் கையில் எடுத்துக்கிடணும். ஊர்த் தெருவைத் தாண்டி எங்க தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் செருப்பு காலுக்கு வரும். நான் சின்னப்பயலா இருந்தப்போ நிலைமை அதுதான்.

ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். அது ஒரு கம்பெனி நாடகம் இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ்காரி, ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருத்தரையும் தனித்தனியாத் தேதி கேட்டுக் கூப்பிடுவார்கள். ஒத்திகை கிடையாது. பல பேர் மேடையில்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின வள்ளி திருமணம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் கதை தானா ஓடும். ஆனால் பபூனுக்கு எழுதி வைத்த பாடம் எதுவும் இல்லை. முதல்ல தனியா மேடைக்கு வர்றவன் அவன்தான். சனம் அப்பத்தான் பாயை விரிச்சுக்கிட்டிருக்கும். பிள்ளைங்க அழும். ஓரத்துல ரெண்டு பேரு குடிச்சுட்டுச் சத்தம் போடுவாய்ங்க. ஒரு சாமி பாட்டு, சபைக்கு ஒரு வணக்கம், விழாக் கமிட்டிக்கு ஒரு வணக்கம். அதுக்குள்ள பெரிய மனுசன் எங்கே உட்கார்ந்திருக்கான், பொம்பளைங்க எந்தப் பக்கம், யாரைச் சீண்டலாம், யாரைச் சீண்டினா அடி விழும் என்று அவன் கணக்குப் போட்டு முடிக்கணும்.

மாமா எனக்குச் சொன்ன பாடம் இது. “மாப்ள, சிரிப்பு சொல்லுல இல்ல. சொல்லுக்கு முன்னால ஒரு மூச்சு நிறுத்துற பாரு, அதுல இருக்கு. நிறுத்துறது கூடிப்போச்சுன்னா சனம் முந்திக்கிரும். கொறஞ்சுபோச்சுன்னா சனம் தூங்கிரும்.” இன்னொண்ணும் சொன்னார். “மொதல்ல ஒன்னயக் கொறச்சுக் காட்டு. அப்பத்தான் ஒன்னய உள்ள விடுவாய்ங்க.”

இந்த ரெண்டாவது பாடத்தில்தான் என் வழக்கு. வெளியூரில் மாமா வெறும் பபூன். அவர் என்ன சாதி என்று ராத்திரியில் கேட்பாரில்லை. எங்க ஊர்த் திருவிழாவில் அவர் ‘நம்ம பய’. தன்னைக் குறைச்சுக் காட்ட வேறு வேசம் தேட வேண்டியதில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கி, முதுகை வளைத்து, “சாமீ” என்று இழுத்துக்கிட்டே நாலு எட்டு நடந்தால் போதும். ஊர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். கயிறு கட்டிப் பிரிச்சு விட்ட ஓரத்தில் உட்கார்ந்திருந்த எங்க சனமும் சிரிக்கும். நானும் சிரிச்சேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பயலுக அதே நடையை எனக்கு முன்னால் நடந்து காட்டினாய்ங்க. அன்னிக்குத்தான் நேத்து நான் எதைப் பார்த்துச் சிரிச்சேன் என்று தெரிந்தது. ஒரு மாசம் மாமாகூடப் பேசவில்லை.

அதே மாமா வீட்டுத் திண்ணையில் வேற ஆளு. வேலை முடிஞ்ச ராத்திரி, விளக்குத் திரியைச் சின்னதாக்கிட்டு, பண்ணையார் வரப்புல நடக்கிறதை நடந்து காட்டுவார். ஒரு விரலைக் கூட அசைக்காமல் வேலைக்காரனைக் கூப்பிடுகிற கண்ணு, கூலி கொடுக்கும்போது மட்டும் செவிடாகிற காது, எல்லாம் வரும். எங்க தெருப் பொம்பளைங்க சேலையை வாயில் திணிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. சத்தம் வெளியே போகக்கூடாது. அப்போ எங்ககிட்ட ரெண்டு சிரிப்பு இருந்தது. ஒண்ணு மேடையில் விலைபோனது. இன்னொண்ணு திண்ணையில் ஒளிஞ்சு கிடந்தது. திறமை ரெண்டுக்கும் ஒண்ணுதான். சொல்லப்போனால் திண்ணைச் சிரிப்புதான் பெரிய கலை. ஆண்டையைக் கூர்ந்து பார்க்காமல் அடிமை ஒருநாள் கூடப் பிழைக்க முடியாது. நம்மைப் பார்க்கவே வேண்டியதில்லை என்று வாழ்கிறவனுக்கு நம்மைப்போல் நடிக்க எப்படி வரும்?

இது எங்க ஊர்க் கதை மட்டும் இல்லை. முக்கூடற்பள்ளைப் பாருங்கள். உழைக்கிற பள்ளனுடைய காலைப் பண்ணைக்காரன் குட்டையில் பூட்டுகிறான். மூத்த பள்ளி கெஞ்சி மீட்கிறாள். ரெண்டு பெண்டாட்டிச் சண்டை வேறு. இதெல்லாம் ரசித்துப் படிக்க எழுதப்பட்டது. அதே நூலில் பண்ணைக்காரனின் உருவமும் கேலியாகிறது என்பதையும் சொல்லணும். ஆனால் கேலி முடிந்த பிறகும் குட்டை பள்ளன் காலில்தான் இருக்கிறது, பண்ணைக்காரன் காலில் இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து ஆடிப் பிழைத்தார்கள். பெர்ட் வில்லியம்ஸ் (1874-1922) கறுப்பர். பெரிய சிரிப்பு நடிகர். 1910இல் நியூயார்க்கின் பெரிய மேடையான ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸுக்கே போனவர். அவரும் தக்கையைச் சுட்ட கரியை முகத்தில் பூசித்தான் மேடையேறினார். கறுப்பனே கறுப்பன் வேசம் போட்டால்தான் கதவு திறக்கும். எங்க மாமாவின் வளைந்த முதுகு அந்தக் கரிதான். அவர் செத்த அதே 1922இல்தான் இங்கே சங்கரதாஸ் சுவாமிகளும் செத்தார். ரெண்டு மேடைக்கும் நடுவில் எத்தனையோ ஆயிரம் மைல். உள்ளே நுழையக் கேட்ட வரி மட்டும் ஒண்ணாயிருந்தது.

1977இல் காந்திகிராமத்தில் ஒரு நாடகப் பட்டறை நடந்தது. செ. இராமானுஜம் போன்றவர்கள் நடத்தியது. தமிழ் நவீன நாடகத்தில் பிறகு பேர் வாங்கிய பல பேர் அதில் பழகியவர்கள். உடம்பையும் குரலையும் எப்படிப் பழக்குவது என்று அங்கே பாடம் நடந்த அதே வருசம், கொஞ்ச தூரத்தில் எங்க ஊர்த் திருவிழாவில் மாமா தன் உடம்பை வைத்து ஒரு காரியம் செய்தார்.

வழக்கம்போலக் குனிந்தார். ஆனால் அன்னிக்கு நிறுத்தவில்லை. குனிஞ்சுக்கிட்டே போனார். மேடை விளிம்பில் தலை தொங்குகிற அளவுக்குப் போய், முன்வரிசை நாற்காலியில் இருந்த பெரிய மனுசர் காலைப் பார்த்தார். தன் செருப்பைக் கையில் எடுத்தார். “ஐயா, செருப்பும் செருப்பும் பேசிக்கிருது, கேக்குதுங்களா?” என்றார். பிறகு ரெண்டு குரலில் பேசினார்.

“ஐயா செருப்பு கேக்குது: ‘ஏப்பா, நீயும் தோலு, நானும் தோலு. ஒன் பொழப்பு எப்பிடி?’ இந்தச் செருப்பு சொல்லுது: ‘எனக்கென்ன அண்ணே, ஊரு எல்லை வந்துட்டாப் போதும், எங்காளு என்னயக் கையில தூக்கிக்கிருவாரு. மண்ணு படாம, முள்ளு படாம, பெத்த பிள்ளையாட்டம் கொண்டு போவாரு. ஒங்காளு எப்பிடி?’ ஐயா செருப்புக்கு அழுக வந்துருச்சு. ‘எங்காளா? ஊரு எல்லையோ, கோயில் தெருவோ, ஒரு எடத்துலயும் எறங்க மாட்டேங்கிறான்ப்பா. எந்நேரமும் என் தலமேலயே நிக்கிறான்.’”

ஒரு மூச்சு நேரம் சத்தமில்லை. எங்க பக்கம் எல்லோருக்கும் வயிறு கலங்கிப்போச்சு. அப்புறம் அந்தப் பெரிய மனுசரே முதல்ல சிரிச்சார். அவர் சிரிச்சதும் ஊர் சிரிச்சது. மாமாவைக் கூப்பிட்டுச் சட்டையில் அஞ்சு ரூவா நோட்டைக் குத்திவிட்டார். ஆர்மோனியம் அடுத்த பாட்டுக்குப் போனது.

விடிஞ்சு வீட்டுக்கு வரும்போது, “செயிச்சுட்டீக மாமா” என்றேன். மாமா முகம் நல்லா இல்லை. “சிரிச்சுட்டாய்ங்களே மாப்ள. கோவப்பட்டிருந்தா ஒறச்சிருச்சுன்னு அர்த்தம். இவுங்க இதையும் தின்னு செரிச்சுருவாய்ங்க.” அந்த அஞ்சு ரூவாயில் அரிசி வாங்கினார். வேறென்ன செய்வார்?

சிரிப்பு தானே ஒரு கலகம் என்று நம்மில் பல பேர் எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கேன். மாமா சொன்னதை அவர்கள் யோசிக்கணும். ஆதிக்கத்துக்கு நல்ல வயிறு உண்டு. தன்னைக் கேலி செய்ய வருசத்தில் ஒரு ராத்திரி விட்டுக்கொடுத்து, அதற்கும் ஒரு நோட்டைக் குத்திவிட்டால் மிச்ச நாளெல்லாம் அதுக்கு நிம்மதி.

ஆனால் விசயம் அதோட முடியவில்லை. அந்தப் பேச்சு எங்க தெருவில் தங்கிவிட்டது. ஊர் எல்லையில் ஒருத்தர் செருப்பைக் கழட்டினால், “என்னா மச்சான், பிள்ளையத் தூக்கியாச்சா?” என்று பின்னால் வர்றவன் கேட்பான். கழட்டினவருக்கு முகம் சுண்டிப்போகும். வெட்கம் முதலில் வந்தது எங்களுக்குத்தான், அவர்களுக்கு இல்லை. “நம்மளையே கேலி பண்ணிட்டான்” என்று மாமாவை ஏசியவர்களும் உண்டு. அது நியாயமான ஏச்சுதான். இருந்தாலும் பழக்கமாய்ப் போன ஒண்ணு அதுக்கப்புறம் பழக்கமாய் இல்லாமல் போச்சு. கை தானாச் செய்த காரியத்தைக் கண் பார்க்க ஆரம்பிச்சது. பிறகு சில பேர் கழட்டாமல் நடந்தார்கள். அடி வாங்கினார்கள். திரும்பவும் நடந்தார்கள். வழக்கம் ஒழிந்தது அவர்கள் காலால், மாமா வாயால் இல்லை. நகைச்சுவையின் எல்லையும் பெருமையும் இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அது வேலியைப் பிடுங்காது. வேலி இருக்கிறது என்று காட்டும்.

என்.எஸ். கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபம் செய்தார். 1949இல் வந்த நல்லதம்பி படத்தில் அது இருக்கிறது. நந்தன் சிதம்பரம் போய்ச் சாமி பார்க்க ஏங்கினான். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். அங்கே சிரிப்பு கிந்தனைக் குனிய வைக்கவில்லை. 1992இல் தேவர் மகன் படத்தில் வடிவேலு இசக்கியாக வந்தார். பிறகு முப்பது வருசம் அவர் அடி வாங்கித் தமிழ்நாடு சிரிச்சது. 2023இல் மாரி செல்வராஜின் மாமன்னன் படத்தில் தனித்தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்தும் உட்காராமல் நிற்கிற அதே வடிவேலுவைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை. உடம்பு மாறவில்லை. யார் கண்ணிலிருந்து பார்க்கிறோம் என்பது மாறியது.

இதில் நம்மையும் விசாரிக்கணும். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை சிரிப்பிலும் உண்டு. மாமாவுக்குக் கைதட்டல் குறைஞ்சா உடனே கூட ஆடுகிற டான்ஸ்காரியைப் பற்றி ஒரு அசிங்கப் பேச்சை எடுத்துவிடுவார். ஊரும் சேரியும் கயிற்றை மறந்து ஒண்ணாச் சிரிக்கிற ஒரே நேரம் அதுதான். எங்க தெரு குறவன் குறத்தி ஆட்டம் பார்த்துச் சிரிச்ச தெருதான். அந்த ஆட்டம் தங்களை இழிவு செய்கிறது என்று குறவர் சமூகத்தார் பல காலம் சொல்லிச் சொல்லித்தான் 2023இல் அரசு தடை செய்தது. நான் எழுதின முதல் வீதி நாடகத்திலும் ஒரு குறவர் பாத்திரம் இருந்தது. அவர் பேச்சை இழுத்து இழுத்து எழுதியிருந்தேன். சனம் நல்லாச் சிரிச்சது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் என் முன்னால் நடந்து காட்டின பயலுக ஞாபகம் வர ரெண்டு மூணு ஊர் ஆனது. அதுக்குள்ள எத்தனை குறவர் வீட்டுப் பிள்ளை முன்னால் யார் அப்படிப் பேசிக் காட்டினார்களோ. அந்தக் காட்சியைக் கிழிச்சுப் போட்டேன்.

இப்போ எழுதும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கிறேன். சிரிப்பு ஓய்ஞ்சு சனம் வீட்டுக்குப் போகும்போது யார் தலை குனிஞ்சு போகுது? ஏற்கெனவே குனிஞ்சவன் தலைதான் என்றால், எவ்வளவு கைதட்டு வாங்கினாலும் அது ஊர்க்காரன் வேலையை நான் கூலிக்குச் செய்ததுதான்.

மாமா வழக்குக்குத் தீர்ப்பா? இருபது வருசம் குனிஞ்சதை நான் சரியென்று சொல்ல மாட்டேன். குனியச் சொன்னவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் கூண்டில் ஏற்றவும் மாட்டேன். டான்ஸ்காரி விசயத்தில் அவர் செய்தது தப்பு, அதுக்கு யார் கட்டாயமும் இல்லை. செருப்புப் பேச்சு அவர் செய்த நல்ல காரியம், அதுக்கும் யார் கட்டாயமும் இல்லை.

அடுத்த வருசத் திருவிழாவுக்கு வேற பபூனைத்தான் கூப்பிட்டாய்ங்க. அன்னிக்கு ராத்திரி கொட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டே மாமா திண்ணையில் படுத்திருந்தார். “ஒறச்சிருக்கு மாப்ள” என்று சொல்லிச் சிரிச்சார். வாயைப் பொத்தாமல் சத்தமாத்தான் சிரிச்சார்.