தான ஆவணமும் முதுமைக் காப்பும்

சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தபின் பெற்றோர் எதற்கு உரியர் என்னும் வினா அறவியலுக்கும் சட்டத்துக்கும் பொதுவானது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இதற்கு மொழி சார்ந்த பக்கமும் உண்டு. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தபோது நகரி வட்டாரத் தமிழ்க்குடிகள் ஆந்திரத்திலேயே தங்கின; சத்தியவேடு வட்டாரத் தமிழ்க்குடிகள் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்துக்கு மாறின. வீட்டில் தமிழ் பேசும் முதியவர், தெலுங்கில் எழுதப்பட்ட தான ஆவணத்தில் கையொப்பமிட நேர்கிறது. தமிழ் ஆவணங்கள் ‘அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்னுமிடத்தில் ஆங்கே ‘பிரேமாபிமானம்’ என்னும் சொல் நிற்கும். அச்சொல் எதைச் சுமக்கிறது என்பதே இன்று வழக்காகியுள்ளது.

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, கொடுத்த தானத்தைக் கொடுத்தவர் தம் விருப்பம்போல் திரும்பப் பெற இயலாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இதில் ஒரு வாயிலைத் திறந்தது. அடிப்படைத் தேவைகளைப் பெறுபவர் கவனிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு கொடுத்து, அது மீறப்பட்டால், கோட்ட அளவிலான தீர்ப்பாயம் அக்கொடையைச் செல்லாததாக்கலாம் என்கிறது அதன் 23ஆம் பிரிவு. அமெரிக்காவின் மெடிக்கெய்டு முறையோ, முதியோர் பராமரிப்புக்கு விண்ணப்பிப்பவரின் முந்தைய ஐந்தாண்டுக் கொடைகளைத் தோண்டிப் பார்த்து, கொடுத்தவரின் உதவியைத் தள்ளிப்போடுகிறது. அங்கே கொடுத்தவர் தண்டிக்கப்படுகிறார்; இங்கே கொடையே குலைக்கப்படுகிறது.

ஆந்திர அரசின் முதியோர் ஓய்வூதியம் 2024 ஜூலை முதல் மாதம் 4,000 ரூபாய். 2019இல் வகுக்கப்பட்ட தகுதி விதிகள் குடும்பத்தின் மொத்த நிலத்தை அளந்தன: நன்செய் 3 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர் என்பன வரம்புகள். குடும்பமே அலகாகும்போது, நிலம் பெற்ற மகனோடு ஒரே அட்டையில் வாழும் தந்தை தகுதி இழக்கலாம். அம்மகன் கைவிட்டுத் தனித்தவர் தகுதி பெறலாம். பராமரிப்பவன் வீட்டுக்கு வராத உதவி, கைவிட்டவனின் சுமையைக் குறைக்க வருவது விந்தையே.

நீதிமன்றங்களின் பார்வை ஒன்றாக இல்லை. நிபந்தனை இருந்ததென நிறுவப்படாவிடில் 23ஆம் பிரிவு பொருந்தாதென உச்சநீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. முதியோர் நலம் கருதி இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டுமென அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியது. அவ்வாண்டு மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்ற அமர்வு, அன்பும் பிரியமுமே உள்ளுறை நிபந்தனை எனக் கொண்டது. உள்ளுறை என்பது அகப்பாடல் பயின்றோர்க்குப் பழகிய சொல். பத்திரத்தில் அதைத் தேடவேண்டி வந்ததுதான் புதிது.

வறியார்க்கு ஈவதையே வள்ளுவர் ஈகையாகக் கொள்வார். பிறர்க்குக் கொடுப்பதைக் குறியெதிர்ப்பையின்பாற்படுத்துவார். அளவு குறித்து வாங்கி அவ்வளவே திருப்பித் தருவது அது என்பது பரிமேலழகர் உரை. இவ்வரையறையின்படி நிலமுடையார் மகனுக்கு நிலம் எழுதுதல் ஈகையாகாது. அவ்வாறாயின் மீட்பு கேட்பதில் இழிவும் இல்லை. கொடுத்ததைக் கேட்பதா எனப் பெற்றோரை நாணச் செய்யும் ஊர்வழக்கு, கைம்மாற்றை ஈகையென மயங்கியதன் விளைவாகும். கொடாது வைத்திருத்தலும் காப்பாகாது. மைந்தர் போருக்கெழுந்தபின் வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் இதற்குச் சான்று.

கையொப்பத்தோடு இடம் மாறுகிறது. அதுவரை உடையவர் வறியவராகிறார். மகன் இடும் சோறு ஊரார் கண்ணுக்கு ஈகைபோல் தோன்றுகிறது. ‘அப்பாவுக்குச் சோறு போடுகிறேன்’ என்னும் பேச்சில் கடன் தருமமாக வேடமிடுகிறது. சட்டம் மீட்டுத் தருவதும் சோறும் மருந்தும் இருப்பிடமுமே; பிரேமாபிமானம் அன்று. எனினும் அவற்றையேனும் ஒரு வரியில் எழுதி, எழுதியதைக் கொடுப்பவரின் மொழியிலேயே அவர் செவியில் படித்துக் காட்டியபின் கையொப்பம் வாங்குவது, பத்திர எழுத்தருக்கும் பதிவாளருக்கும் சில நிமிட வேலையே.